உயர்ந்த கெப்பும் உம்மாவின் கால்களும்

சகோதரிகளே! வயலுக்கும் வியாபாரத்துக்கும் என்று வாங்கிய ‘டபிள் கெப்’தான் இன்று பல வீடுகளில் குடும்ப வாகனமும். கலியாண வீடு, மையித்து வீடு, கிளினிக் எல்லாவற்றுக்கும் பயணம் அதில்தான். பள்ளத்திலும் சேற்றிலும் அடிப்பாகம் தட்டாதிருக்க, வில்லுகளை மாற்றிப் பெரிய டயரும் போட்டு அதை இன்னும் உயர்த்தி விடுகிறார்கள். ஆண்களுக்கு அது ஒரு எட்டுத்தான். அபாயாவுடன், கைப்பிள்ளையுடன், முழங்கால் வலியுடன் ஏறுபவர்களின் பாடுதான் வேறு.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. அந்த வயதில் கெப்பிலிருந்து இறங்கும்போது சறுக்கினால் இடுப்பெலும்பு முறியலாம். பிறகு தேறிவர மாதக்கணக்காகலாம். ஆகவே பக்கத்தில் பொருத்தும் மிதிபடியை அலங்காரச் சாமான் என்று எண்ணி, தெரிவை முழுக்க ஆண்களிடமே விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஓர் அளவுநாடாவை எடுங்கள். நிலத்திலிருந்து கதவின் அடிவாசல் வரை அளந்து பாருங்கள். 26 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் 6 அல்லது 7 அங்குலம்தான். நடுவில் ஒரு படி வைத்தால் ஒவ்வோர் எட்டும் 13 அங்குலம். மாடிப்படியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இளையவர்கள் சமாளிப்பார்கள், வாப்பும்மா சமாளிக்க மாட்டா. கதவுக்கு நேரே கீழிறங்கிய இரண்டாவது மிதியும் உள்ள வகையென்றால் எட்டு 9 அங்குலத்துக்கும் குறையும். ஆனால் அதிகம் தாழ்ந்த படி வரம்பிலும் கல்லிலும் இடிபடும். வாகனத்தை உயர்த்தியதே வீணாகும். உங்கள் கெப் வயலுக்குள் எவ்வளவு போகிறது, வீட்டாரை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை வைத்து நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

உயர்த்திய விதத்தையும் கேட்டறியுங்கள். வில்லுகளை மாற்றி உயர்த்தினால் அடிச்சட்டமும் அதில் பூட்டிய படியும் சேர்ந்தே உயரும். நிலத்திலிருந்து வைக்கும் முதல் எட்டுத்தான் கடினமாகும். அடிச்சட்டத்துக்கும் கெபினுக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்தினால் படி பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டாவது எட்டு நீளும். பெரிய டயரைப் பொறுத்தவரை, விட்டம் 2 அங்குலம் கூடினால் வாகனம் உயர்வது 1 அங்குலம் மட்டுமே.

பஞ்சிகாவத்தைக் கடைகளில் பளபளவென்று தொங்கும் உருண்டைக் குழாய் கண்ணைப் பறிக்கும். மழையில் நனைந்த செருப்புடன் அதில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும். பாதத்தின் முன்பாதியாவது முழுதாகப் பதியும் அகலம் வேண்டும். மேலே சொரசொரப்பான இறப்பர் மிதி வேண்டும். கல்முனை, காத்தான்குடி, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பை விரைவில் அரித்துவிடும். அங்கே நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது துத்தநாகம் பூசிய இரும்புதான் உகந்தது. அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது, பாரமும் குறைவு. ஆனால் மெல்லிய தகடென்றால் வளைந்துவிடும்.

படி எதில் பூட்டப்படுகிறது என்பதே அதன் பலம். அடிச்சட்டத்தில், பக்கத்துக்கு மூன்று தாங்கிகளாவது வைத்து போல்ட் போட்டுப் பூட்டுவது நல்லது. கதவுக்குக் கீழுள்ள மெல்லிய தகட்டில் மட்டும் திருகினால் நாளடைவில் தகடு கிழியும். அடிச்சட்டத்தில் கண்டபடி துளையிடவோ வெல்டிங் செய்யவோ விடாதீர்கள். வாகனத்தின் முதுகெலும்பே அதுதான். பூட்டி முடிந்ததும் வீட்டிலேயே பாரமான ஆளைப் படியின் வெளி ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். படி தாழ்ந்தாலோ கிறீச்சிட்டாலோ காசு கொடுக்கும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் அருகே அமர்ந்து, தமது முழங்காலை வைத்துக் கொடுக்க, ஸபிய்யா (ரழி) அவர்கள் அதன்மேல் கால் வைத்து ஏறியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. போரிலிருந்து திரும்பும் படையின் தலைவர் அவர். வீட்டுப் பெண் ஏறுவதற்கு நல்லதொரு படி கேட்டால் “அதென்ன பெரிய விஷயம்” என்று சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. முன்கதவருகே நின்று படியைப் பார்த்துத் தெரிவு செய்பவர் ஆண். பின்னாசனத்தில் ஏறுபவர்கள் நாங்களும் பிள்ளைகளும். சில படிகள் பின்கதவின் பாதியிலேயே முடிந்துவிடும். பின்கதவைத் திறந்து, அபாயாவுடனேயே ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். படியின் முனையில் மூடியில்லாத குழாய்வாய் இருந்தால் உடுப்பின் ஓரம் அதில் கொழுவும். உள்ளே கைபிடி இல்லையென்றால் அதையும் பூட்டச் சொல்லுங்கள். ஏறும்போது பிள்ளையை முதலில் உள்ளே கொடுத்துவிட்டு, ஒரு கையால் கைபிடியைப் பிடித்து ஏறுங்கள். இறங்கும்போது ஆசனத்தைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குவதே பத்திரம். பிளாஸ்டிக் முக்காலியை வைத்து இறக்குவது சேற்று நிலத்தில் ஆபத்து.

பூட்டிச் சில நாட்கள் ஓடிய பின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். வயலுக்குப் போய்வந்தால் படியில் காய்ந்த சேற்றைக் கழுவிவிட்டுத்தான் உம்மாவை ஏற்ற வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.