சாம்பிள் பெட்டியும் விமானச் சட்டமும்

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ பையரைப் பார்க்கக் கிளம்பும் மெர்ச்சண்டைசரின் பெட்டியைத் தராசில் வைத்தால் பத்துப் பதினைந்து கிலோ பனியன் துணிதான். ஆனால் உள்ளே இருக்கும், அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிளும் சாயம் பார்க்கும் லேப் டிப்பும் அச்சு பார்க்கும் பிரிண்ட் ஸ்ட்ரைக்-ஆஃபும் குறித்த நாளில் பையர் மேஜைக்கு வராவிட்டால், ஒரு சீசனுக்கான ஆர்டரே வேறு நாட்டுக்குப் போய்விடலாம். இந்த இரண்டாவது மதிப்பை விமானச் சட்டம் தானாகக் கண்டுகொள்வதில்லை. கயாக் துடுப்போடு அந்தமானுக்குப் போகிறவரின் நீளப்பையும் ஏற்றுமதியாளரின் சாம்பிள் பெட்டியும் அதற்கு வெறும் லக்கேஜ்தான். பெட்டி தொலைந்தால் என்ன கிடைக்கும் என்பது, அது பெல்ட்டில் ஏறும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஏற்றுமதி நிறுவனங்கள் வக்கீலைத் தேடுவதோ பெட்டி காணாமல் போன பிறகுதான்.

கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னையிலோ மும்பையிலோ ஷார்ஜாவிலோ ஒருமுறையாவது பெட்டி கைமாற வேண்டும். விமான நிலையங்களுக்குத் தொழில்நுட்பம் வழங்கும் சிட்டா நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-இல் உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்கு 6.9 பெட்டிகள் தாமதமாகவோ சேதமாகவோ தொலைந்தோ போயின. அதில் ஏறத்தாழப் பாதி, விமானம் மாறும் இடத்தில் நேர்ந்தது. இணைப்பு நேரம் குறைவான டிக்கெட்டில் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய் இந்தக் கணக்கில் லாபமே அல்ல. கட்டும் விதமும் முக்கியம். அட்டைப்பெட்டி மழைக்காலத்தில் தளத்தில் நின்றாலே ஊறிவிடும். கெட்டி ஓடுள்ள சூட்கேஸே மேல். ரப்பர் பிரிண்ட் போட்ட துண்டுகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் இடையில் டிஷ்யூ தாள் வேண்டும். ஒவ்வொரு சாம்பிளும் தனிப் பாலிபேக்கில் இருக்க வேண்டும். இதில் சட்டமும் சம்பந்தப்பட்டிருக்கிறது: சேதத்துக்குப் பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று நிரூபித்தால் விமான நிறுவனம் இழப்பீட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

சர்வதேசப் பயணத்துக்குப் பொருந்துவது 1999-இன் மாண்ட்ரீல் ஒப்பந்தம். இந்தியா 2009-இல் அதில் சேர்ந்து, விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் அதை இணைத்துக்கொண்டது. அதன்படி லக்கேஜுக்கான அதிகபட்சப் பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. ரூபாயில் இது இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வரம்பு பயணிக்குத்தானே தவிர பெட்டிக்கு அல்ல. ஒருவர் பெயரில் நான்கு பெட்டி போட்டாலும் அதே தொகைதான். இரண்டு பேர் போகிறார்கள் என்றால் பெட்டிகளை இருவர் பெயரிலும் பிரித்துப் போடுவதே புத்திசாலித்தனம். உள்நாட்டுப் பயணத்தில் நிலைமை இன்னும் மோசம்: விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் பயணிகள் சாசனப்படி அங்கே வரம்பு 20,000 ரூபாய். கோவை–மும்பை–பிராங்பர்ட் முழுவதும் ஒரே ஒப்பந்தமாக, ஒரே டிக்கெட்டாக இருந்தால் கோவை–மும்பைப் பகுதியும் சர்வதேசப் பயணமாகவே கருதப்படும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக டிக்கெட் எடுத்தால், கோவைக்கும் மும்பைக்கும் இடையில் தொலைந்த பெட்டிக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கேட்பது கடினம்.

வரம்புத் தொகை அப்படியே கைக்கு வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. ஸ்பெயினில் தொலைந்த ஒரு பெட்டி தொடர்பாக 2020-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: அது உச்சவரம்பு மட்டுமே, என்ன இழந்தோம் என்பதைப் பயணிதான் காட்ட வேண்டும். நம் ஏற்றுமதியாளர்கள் சறுக்குவது இங்கேதான். சுங்கத்தில் தொல்லை வேண்டாம் என்று சாம்பிள் இன்வாய்ஸில் ‘வணிக மதிப்பு இல்லை’ என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. அந்தத் தாளோடு போனவர் பிறகு ஒன்றரை லட்சம் கேட்டால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு ஆதாரமே தேவைப்படாது. நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஆன செலவைக் கணக்கிட்டு உண்மை மதிப்பை எழுதி, விற்பனைக்கல்ல என்ற குறிப்பைத் தனியாகச் சேர்ப்பதே சரி. கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பொருளுக்கு தொழில் வர்த்தகக் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்கும் ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் இருக்கிறது.

முதலில் சொன்ன அந்த இரண்டாவது மதிப்பை, அதாவது சாம்பிளை நம்பியிருக்கும் ஆர்டரின் மதிப்பைச் சொல்லவும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. பெட்டியை ஒப்படைக்கும்போதே, அது சேரிடத்தில் கிடைப்பதில் தனக்குள்ள நலன் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்து, நிறுவனம் கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டலாம். அப்போது அறிவித்த தொகைவரை நிறுவனம் பொறுப்பு. அது உண்மையான நலனைவிட அதிகம் என்று நிரூபிக்கும் சுமையும் நிறுவனத்தையே சேரும். கவுன்டர் ஊழியருக்கு இது தெரியாமல் இருக்கலாம் என்பது நியாயமான சந்தேகம். அதனால் பயணத்துக்குச் சில நாள் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்சிட்டு எடுத்துப்போக வேண்டும்.

‘இவ்வளவு பாடு எதற்கு, கூரியரில் அனுப்பிவிடலாமே’ என்பார்கள். கூரியர் விமானச் சரக்காகவே போகும்; அதற்கான வரம்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர். பத்துக் கிலோ சாம்பிளுக்கு 260 எஸ்டிஆர்தான், அதாவது லக்கேஜ் வரம்பில் ஆறில் ஒரு பங்கு. எடை குறைந்த, மதிப்பு கூடிய பொருளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கும் மதிப்பை அறிவித்தே அனுப்ப வேண்டும். பயணக் காப்பீடு இருக்கிறதே என்றால், பல பாலிசிகள் வணிகப் பொருளையும் சாம்பிளையும் விலக்கியே வைத்திருக்கின்றன. ‘எங்கள் விதிமுறையில் சாம்பிளுக்குப் பொறுப்பில்லை என்று போட்டிருக்கிறோம்’ என்று விமான நிறுவனம் சொல்லலாம். பெட்டியை வாங்க மறுக்க அதற்கு உரிமை உண்டு. ஆனால் வாங்கிய பிறகு, ஒப்பந்தம் விதிக்கும் பொறுப்பைக் குறைக்கும் நிபந்தனை எதுவும் செல்லாது என்கிறது மாண்ட்ரீலின் 26-வது பிரிவு. லக்கேஜின் உள்ளார்ந்த குறைபாட்டால் வந்த சேதத்துக்கு விலக்கு உண்டு. அதனால்தான் ‘பொறுப்பு வரையறுக்கப்பட்டது’ என்ற டேக்கில் கையெழுத்துக் கேட்டால், என்ன குறை என்று அதிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பிஐஆர் எனப்படும் புகார்ப் படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும். அது மட்டும் போதாது. சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்துப்பூர்வ புகார் போக வேண்டும். நாள் தவறினால் வழக்கே நிற்காது. 21 நாளாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு உரிமை கோரலாம். விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் 753-வது தீர்மானம் 2018 ஜூன் முதல், பெட்டியை வாங்கும்போதும் ஏற்றும்போதும் மாற்றும்போதும் ஒப்படைக்கும்போதும் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவுகளைப் புகாரிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

பதில் வராவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் நுகர்வோர் உதவி எண் 1915-லும் முறையிடலாம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஸ்பெயினுக்கு 1992-இல் போன ஆயத்த ஆடைச் சரக்கு பற்றிய வழக்கில், விமான நிறுவனத்துக்கு எதிராக நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆனால் இதை நம்பி மட்டும் கிளம்பக் கூடாது. வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவையை நுகர்வோர் சட்டத்திலிருந்து நீக்கும் விலக்கு அந்தச் சரக்கு போன பிறகு, 2003-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் சாம்பிள் கொண்டுபோனவரிடம், இது வணிக நோக்கத்துக்கான சேவைதானே என்ற கேள்வியை எதிர்த்தரப்பு நிச்சயம் எழுப்பும். ஆணையம் அதை ஏற்றுக்கொண்டால் சிவில் நீதிமன்றம்தான் வழி. போய்த் திரும்பும் டிக்கெட் என்றால் கிளம்பிய ஊரையே சேரிடமாக நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்வதால் இந்தியாவிலேயே வழக்காடலாம். இரண்டு வருடத்துக்குள் தொடுக்காவிட்டால் மாண்ட்ரீல் தரும் உரிமையே அழிந்துவிடும். தவறான இடத்தில் கழித்த மாதங்களைக் கழித்துத் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். எங்கே போவது என்பதை முதல் ஆறு மாதத்திலேயே வக்கீலிடம் கேட்டு முடிவு செய்துவிட வேண்டும்.