மாநாடு முடிந்த மறுநாள்





ஒரு மாநாடு சிறப்பாக நடந்ததா என்பதை வந்த கூட்டத்தையும் பேச்சாளர்களையும் கொண்டே நாம் மதிப்பிடுகிறோம். மறுநாள் காலையில் அந்த மைதானத்தைப் பார்த்தால் வேறொரு மதிப்பீடு கிடைக்கும். வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள், சோற்றுப் பார்சல் தாள்கள், அறுந்த தோரணங்கள் எங்கும் சிதறிக் கிடக்கும். மழை பெய்தால் இவை வடிகான் வழியே கடலைச் சேரும். மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாதான் மூதூர், கிண்ணியா மீனவச் சகோதரர்களின் வாழ்வாதாரம். பிளாஸ்டிக் உக்கி மண்ணாவதில்லை; நுண்துகள்களாக உடைந்து மீனின் வயிற்றுக்குள் செல்கிறது.

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் பொலித்தீன் உணவுத் தாளும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. சமய, சமூக, அரசியல் நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரத்துக்கும் அன்றே தடை வந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, பூமாலை ஆகியனவும் இத்தடைக்குள் வந்தன. எனவே, மார்க்க மாநாடொன்றில் பொலித்தீன் தோரணம் கட்டுவது அழகுமல்ல, சட்டமுமல்ல.

2009 டிசம்பரில் கொப்பன்ஹேகனில் ஐ.நா. காலநிலை மாநாடு நடைபெற்றது. அங்கு போத்தல் தண்ணீருக்குப் பதிலாகக் குழாய் நீர் வழங்கப்பட்டது. விருந்தினருக்கான பரிசுப்பொருட்கள் தவிர்க்கப்பட்டு, அப்பணம் வெளிநாட்டு மாணவரின் புலமைப்பரிசிலுக்குச் சென்றது. ஆயினும் அம்மாநாட்டின் கரியமில வாயுவில் மிகப் பெரும் பங்கு பிரயாணத்தால் உண்டானதே. ஆகவே, ஊருக்கொரு பஸ் ஒழுங்கு செய்வது நாமும் முதலில் கவனிக்கவேண்டிய காரியமாகும்.

உணவு விடயத்தில் நாம் வெளியே தேடவேண்டியதில்லை. ஆறுபேர் சுற்றியமர்ந்து உண்ணும் சஹன் நம் வீட்டு வழக்கம். ஆயிரம் பேருக்குப் பார்சல் கொடுத்தால் ஆயிரம் தாள்கள் குப்பையாகும். சஹனில் பரிமாறினால் 167 தட்டுகளைக் கழுவிவைத்தால் போதும். வருவோரை முன்கூட்டியே பதிவுசெய்தால் சோறும் மிஞ்சாது. தண்ணீருக்குப் பெரிய கொள்கலன்களை வைத்து, அவரவர் போத்தலைக் கொண்டுவரச் சொல்லலாம்.

வுழூவையும் மறந்துவிடக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்தார்கள். அது ஒரு லீற்றருக்கும் குறைவானது. குழாயை ஓடவிட்டு வுழூச் செய்பவர் அதைப்போலப் பல மடங்கைச் சிந்துகிறார். கூட்டம் கூடுமிடத்தில் சிறு குவளைகளை வைத்தாலே பெருமளவு நீர் மிஞ்சும்.

இவற்றில் எதற்கும் பெரும் செலவில்லை. தடையாக நிற்பது, “மேசையில் போத்தல் இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு” என்ற நம் எண்ணமே. வீண்விரயத்தைக் கண்டிக்கும் பேச்சை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, பாதி குடித்த போத்தலை எறிந்து எழுந்து செல்லும் தந்தையிடமிருந்து பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இளைஞர்களே, அடுத்த மாநாட்டின் தொண்டர் அணியில் மைதானப் பொறுப்பைக் கேட்டுப் பெறுங்கள். பெற்றோர்களே, போத்தலை நிரப்பிக் கொடுத்து அவர்களை அனுப்புங்கள். வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக அவ்விடத்தை விட்டு வருவதும் அமானிதத்தைப் பேணுவதே. வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.