ஆறுதல் பெற்றவரே ஆறுதல் அளிப்பவர்



துன்பம் வரும்போது, “கடவுள் எங்கே?” என்று மனம் கேட்கிறது. அப்படிக் கேட்பது பாவமன்று. பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போன வேளையைப் பவுல் அப்போஸ்தலனும் மறைக்காமல் கொரிந்தியருக்கு எழுதினார். உபத்திரவத்தில் தேவன் நமக்கு ஆறுதல் தருவது, அதைக்கொண்டு நாம் பிறரைத் தேற்றுவதற்காகவே என்பது அந்த நிருபத்தில் அவர் காட்டும் உண்மை.

இதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 1942இல் சாங்கியில் ஜப்பானியரின் போர்க்கைதியாக இருந்தவர் ஸ்டான்லி வாரன் என்னும் ஆங்கிலேய வீரர். சீதபேதியால் மெலிந்து, ராபர்ட்ஸ் முகாம் மருத்துவமனையில் கிடந்தார். அங்கிருந்த சிற்றாலயச் சுவரில் படம் வரையும்படி அவரைக் கேட்டார்கள். வலுவற்ற அவர் சிறிது வரைவார், சிறிது ஓய்வார். சக கைதிகள் வண்ணப்பூச்சும், பில்லியர்ட்ஸ் ஆட்டத்துச் சுண்ணக்கட்டியும் தேடிக் கொடுத்தனர். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்குள் இயேசு பிறப்பின் காட்சி முடிந்தது. மொத்தம் ஐந்து படங்கள் வரைந்தார். சிலுவைக் காட்சியில், வதைத்தவர்களை மன்னிக்கும்படி இயேசு வேண்டிய சொல்லையும் எழுதினார். பகைவரின் காவலில் இருந்துகொண்டே எழுதிய சொல் அது!

வாரனின் சிறைவாசம் அதனால் நீங்கிவிடவில்லை. ஆயினும் நோயுற்றவர் ஒருவரின் கை, மற்ற நோயாளிகள் வழிபடும் இடத்தை அழகாக்கியது.

நேயர்களே, துக்க வீட்டில் விளக்கங்கள் வேண்டா. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடனிருந்தபோது நண்பர்களாகவே இருந்தார்கள். குற்றம் சாட்ட வாய் திறந்தபோதுதான் தவறினார்கள். ஆகவே, ஒரு பாத்திரம் கஞ்சியோடு போங்கள், அருகில் அமருங்கள். நீங்கள் பெற்ற ஆறுதல் அங்கே இன்னொருவருடையதும் ஆகும்.