மடிநோயும் ஏழு நாள் பாலும்

தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜ சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயத்துக்குச் செல்வோர், காளையும் யானையும் ஒரே சிரத்தைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் ரிஷப குஞ்சரச் சிற்பத்தைக் கண்டு வியக்காமல் திரும்புவதில்லை. மனிதனுடைய தேக ஆரோக்கியமும் அவன் வளர்க்கும் கால்நடையின் ஆரோக்கியமும் அவ்வாறே பிரிக்க முடியாதபடி பிணைந்தவை என்பதை, இந்த வட்டாரத்துக் கொட்டில்களிலிருந்து கும்பகோணத்துக்குப் போகும் பாலை நினைக்கும்போதெல்லாம் நான் உணர்கிறேன்.

கறவை மாட்டுக்கு மடிநோய் கண்டால் மடி இறுகிச் சூடேறும். காம்பைப் பீய்ச்சினால் பால் திரிதிரியாக வரும். ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவார்கள். காம்புத் துவாரத்தின் வழியே டியூப் மருந்தும் ஏற்றுவார்கள். அம்மருந்து பாலிலும் சில தினங்கள் தங்குமாதலால், 2012 ஜனவரியில் திருத்தப்பட்ட மருந்து விதிகள், எத்தனை நாள் ஒதுக்க வேண்டுமென்பதை லேபிளில் அச்சிடும்படியும், தனியே நிர்ணயிக்கப்படாத மருந்தாயின் பாலையும் முட்டையையும் 7 நாளுக்கும் இறைச்சியை 28 நாளுக்கும் குறையாமல் ஒதுக்கும்படியும் விதித்தன. விதி நியாயமானதே. ஆயினும் ஒற்றைப் பசுவின் பாலில் குடும்பச் செலவை ஓட்டும் ஒருத்தி, ஏழு நாள் பாலையும் கீழே கொட்டுவாள் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? பால் சொசைட்டியில் கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும்தான் விலை. லாக்டோமீட்டர் மருந்தைக் காட்டாது. காய்ச்சினாலும் அதன் மிச்சம் முழுவதும் அழிவதில்லை.

பாலில் தங்கும் மிச்சத்தைவிடப் பெரிய அபாயம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பிராணியின் உடலிலேயே பெருகி, சாணத்தோடும் நீரோடும் இறைச்சியோடும் மனிதனை வந்தடைவது. வேறெந்த மருந்தும் பலிக்காதபோது கடைசியாகக் கையாளப்படும் கோலிஸ்டினை, கோழிகள் கொழுப்பதற்காகத் தீவனத்தில் கலந்துவந்தது எத்தகைய விபரீதம்! அந்த மருந்தை எதிர்க்கும் சக்தி ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது என்பதைப் பன்றிகளிலும் நோயாளிகளிலும் கண்டு, சீன விஞ்ஞானிகள் 2015 இல் உலகுக்கு அறிவித்தார்கள். நம் அரசாங்கம் 2019 ஜூலையில் உணவுக்கான பிராணிகளுக்கு அதைத் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக அந்த ஓராண்டில் மட்டும் உலகில் மாண்டவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது பின்னர் வெளியான மதிப்பீடு.

இந்நிலையில் தஞ்சைத் தரணியிலிருந்தே ஒரு நல்ல மார்க்கம் பிறந்தது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவருடைய சகாக்களும், நம் கிராமத்து வைத்தியத்தை ஆராய்ந்து, மடிநோய்க்கு ஒரு பூச்சு மருந்தை வகுத்தார்கள்: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் விழுது செக்கச்செவேலென்று வரும். மடியைக் கழுவி, உள்ள பாலை முழுவதும் பீய்ச்சிவிட்டு, ஒரு பிடி விழுதை நீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள். சிரமந்தான்; ஆனால் கொல்லையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் வெற்றிலைச் செல்லத்திலும் உள்ள பொருள்கள்தாமே! தேசிய பால்வள வாரியமும் இம்முறையைப் பிற மாநிலங்களில் பரப்பியிருக்கிறது.

ஜுரம் கண்டு தீவனம் மறுத்துக் கிடக்கும் மாட்டுக்கு இது மட்டும் போதுமென்று நான் சொல்லமாட்டேன். அதற்கு வைத்தியரும் ஊசியும் அவசியம். நோயின் ஆரம்பத்திலேயே பூச்சைக் கையாண்டு, ஊசியின் தேவையைக் குறைப்பதே உசிதம். ஊசி தவிர்க்க முடியாதபோது, கொட்டப்படும் பாலின் கிரயத்தில் ஒரு பங்கையேனும் சொசைட்டியோ சர்க்காரோ ஈடு செய்து, வைத்தியரின் சீட்டைக் காட்டியவுடன் பணம் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.