போக்கர் ஆட்டத்தில் எதிர்நோக்குச் சீட்டுகள்

சூது கொடிதென்பது தமிழ் மக்கள் இளமையிலேயே கேட்டறிந்த உண்மை. வள்ளுவப் பெருந்தகையார் அதனைக் கடிதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தனர். ஒரு செயலை ஆராய்ந்து தொடங்கும் முறைமையையும் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில் அவரே விளக்கினர். இவ்விரு பொருளும் ஒருங்கே எதிர்ப்படும் இடமொன்று போக்கர் என்னும் அமெரிக்கச் சீட்டாட்டத்தில் உண்டு. சூதைக் கற்பித்தல் என் கருத்தன்று. அதனுள் அடங்கிய கணக்கை விளக்குதலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

போக்கர் வகைகளுள் இன்று பெருவழக்காயுள்ளது டெக்சஸ் ஹோல்டெம் என்பது. டெக்சஸ் மாநிலத்து ராப்ஸ்டவுன் என்னும் ஊரே அதன் பிறப்பிடமென அம்மாநிலச் சட்டமன்றம் 2007 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இவ்வாட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். பின்னர் முதலில் மூன்றும், அப்பால் ஒவ்வொன்றாக இரண்டும் ஆகப் பொதுச் சீட்டுகள் ஐந்து நடுவே விரிக்கப்படும். இவ்வேழனுள் சிறந்த ஐந்தே ஒருவனது வலிமையாம். பொதுச் சீட்டு விரியுமுன்னரே ஒருவன் பந்தயத்தை உயர்த்துவானாயின், ஏனையோர் அத்தொகைக்கு ஈடாக இட்டு நிற்றல் வேண்டும். அல்லது மேலும் உயர்த்துதல் வேண்டும். இன்றேல் சீட்டைக் கவிழ்த்து விலகுதல் வேண்டும்.

இரண்டு ஏஸ், இரண்டு ராஜா போன்றவை பிறந்தபொழுதே வலியுடையன. சிறிய இரட்டைகளும், ஒரே இனத்து ஏழும் எட்டும் போன்ற அடுத்தடுத்த சீட்டுகளும் அத்தகையன அல்ல. அவை இனி வருவதை எதிர்நோக்கி நிற்பன. ஆதலின் எதிர்நோக்குச் சீட்டுகள் எனலாம். இவற்றைக் கொண்டு உயர்த்திய பந்தயத்திற்கு ஈடிடலாமா என்பதே வினா.

ஒருவன் கையில் இரண்டு ஐந்துகள் உள்ளன என்க. எஞ்சிய 50 சீட்டுகளினின்று முதல் மூன்று பொதுச் சீட்டுகள் 19,600 வகையில் அமையலாம். அவற்றுள் மூன்றாவது ஐந்தேனும் வரக்கூடியவை 2,304 மட்டுமே. அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டினும் சிறிது குறைவு. ஒருமுறை வாய்த்தால் ஏழரை முறை வாய்க்காது.

இனி வரவு செலவைப் பார்ப்போம். தொடக்கக் கட்டாயப் பந்தயமாக இருவர் 2 ரூபாயும் 4 ரூபாயும் இட்டுள்ளனர்; மூன்றாமவன் 10 ரூபாயாக உயர்த்தினான். நடுவே உள்ளவை 16 ரூபாய். நாம் 10 ரூபாய் ஈடிடுகிறோம், பிறர் விலகுகின்றனர். ஐந்து வாராவிடின் விலகிவிடுவதாகக் கொண்டால், ஏழரை முறையில் இழப்பு 75 ரூபாய். வாய்த்த ஒருமுறையில் நடுவிலுள்ள 16 ரூபாயோடு, எதிரியிடமிருந்து இன்னும் 59 ரூபாயேனும் பெற்றாலன்றி முதல் மீளாது. எதிரியிடம் எஞ்சியிருப்பது 40 ரூபாய் எனின், அவனது முழுப்பொருளைக் கவர்ந்தும் நமக்கு நட்டமே! 300 ரூபாய் எனின் ஈடிடுதற்கு இடமுண்டு. ஆயினும் அவன் ஒவ்வொரு முறையும் கொடுப்பானல்லன்; நம் மூன்று ஐந்துகளும் சிலபோது தோற்கும். ஆதலின் இடும் தொகையைப்போல் பதினைந்து மடங்கேனும் இருவரிடத்தும் எஞ்சியிருத்தல் வேண்டுமென்பர் பயின்றோர். இங்ஙனம் பின்னர் வரக்கூடிய பொருளையும் கணக்கிற் சேர்ப்பதை டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்பார் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார்.

ஒரே இனத்து ஏழும் எட்டும் கண்ணுக்கு இனியன. கணக்கிற்கோ மேலும் கடியன. முதல் மூன்று சீட்டுகளும் அவ்வினமாகவே வருதல் 19,600 இல் 165 வகையே. இரண்டு வருதல் நூற்றுக்குப் பதினொன்றளவு. அவ்வாறு வந்த பின்னும், எஞ்சிய இரு சீட்டுகளில் ஐந்து நிறைதல் நூற்றுக்கு முப்பத்தைந்தே. அதுகாறும் மீண்டும் மீண்டும் பொருளிடல் நேரும்.

இருக்கையும் நோக்கத்தக்கது. பிறர் செய்கையைக் கண்டபின் இறுதியில் முடிவுசெய்வோனுக்கு இச்சீட்டுகள் பயன்படும். முன்னிருப்பவன் ஈடிட்டபின், பின்னிருப்போன் மீண்டும் உயர்த்தினால் இட்டது வீணாம்.

ஆகவே முடிவைத் தருவது சீட்டின் அழகன்று. இடுவது எவ்வளவு, வரக்கூடியது எவ்வளவு, எத்தனை முறைக்கு ஒருமுறை வரும் என்னும் மூன்றுமேயாம். 1654 ஆம் ஆண்டில் பாஸ்கலும் பெர்மாவும் கடிதவாயிலாக ஆராய்ந்து நிறுவிய கணக்கும் இவ்வழியதே. மனமோ வென்ற ஒருமுறையை நெடுநாள் போற்றி, தோற்ற ஏழரையையும் அன்றே மறந்துவிடுகிறது. சூதன் முதலிழப்பது பெரும்பாலும் இம்மறதியினாலேயாம். அம்மறதியை அகற்றுவதே கணக்கின் பயன். அதனை நன்கறிந்தவன் பெரும்பாலும் சீட்டைக் கவிழ்த்து விலகுவான் என்பதும் ஈண்டு உணரத்தக்கது.