தன்முன்னேற்ற எழுத்தும் எழுதுவோர் பின்புலமும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் முதலில் அண்ணாந்து நோக்குவது இராசகிரியின் உச்சியையே. சற்று நின்று பார்த்தால்தான் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் பிணைத்து ஓடும் மதிலின் நீளம் புலப்படும். அம்மதிலை ஒரு மன்னரோ ஒரு மரபினரோ கட்டி முடித்துவிடவில்லை. கோன் மரபினர் அடிகோலினர் என்பது வழிவழிச் செய்தி. நாயக்கர்கள் அதனை விரிவுபடுத்தினர். 1649இல் பீசப்பூர்ப் படையும், 1677இல் சிவாஜியும், 1698இல் முகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் அதனைக் கைக்கொண்டனர். வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் அதன் எல்லைக்குள் நிற்கின்றன. அருகிலுள்ள திருநாதர்குன்றில் சமணத் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. பலர் கைபட்டு வளர்ந்த இக்கோட்டை 2025ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

இவ்வூரை நாம் இங்கு நினைவுகூரக் காரணம் உண்டு. செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் அடியெடுத்து வைத்தவர்கள். அத்தகைய மாணவர் ஒருவர், தன்முன்னேற்றத் திங்களிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் கேட்டார்: "ஐயா, இதில் எழுதுவோரெல்லாம் யார்? வாழ்வில் வென்றவர்கள் மட்டுந்தானா? விற்பனைக்கூடத்தில் நெல்மூட்டை சுமப்பவரின் மகனாகிய நான் இதற்கு எழுதலாமா?" எளிய வினாதான், ஆயினும் எழுதும் தகுதி யாருக்கு உண்டு என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கிறது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றுவாய்

இவ்வகை எழுத்தின் வேர்களைத் தேடிச் சென்றால், அங்கே நாம் காண்பவர்கள் செல்வர்கள் அல்லர். 1859இல் வெளிவந்த 'தன்னுதவி' என்னும் ஆங்கில நூலின் ஆசிரியர் சாமுவேல் சுமைல்சு, பதினொரு குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவராகவும், செய்தித்தாள் ஆசிரியராகவும், இருப்புப்பாதை நிறுவனச் செயலாளராகவும் விளங்கியவர். லீட்சு நகரில் மாலைப்பொழுதில் கூடிக் கற்ற உழைப்பாளி இளைஞர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளே அந்நூலாக வளர்ந்தன.

அந்நூலைப் படித்து எழுச்சி பெற்றவர் அமெரிக்கராகிய ஓரிசன் சுவெட் மார்டன். மூன்று வயதில் தாயையும் ஏழு வயதில் தந்தையையும் இழந்து, பிறர் வீடுகளில் பணியாளாய் வளர்ந்தவர் அவர். உணவு விடுதித் தொழிலில் பொருளீட்டிக் கற்றார். தம் முதல் நூலின் கையெழுத்துப்படி தீக்கிரையானபோது மீண்டும் அமர்ந்து எழுதினார். அந்நூல் 1894இல் வெளிவந்தது. 1897இல் 'சக்சஸ்' என்னும் இதழையும் அவர் தொடங்கினார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆலனோ, தந்தையை இழந்து பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றவர். 1902இல் அவரும் தமக்கென ஓர் இதழ் நடத்தத் தொடங்கினார்.

தமிழுக்கு வந்த வழி

ஆலனைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் வ. உ. சிதம்பரனார். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அவ்வழக்கறிஞர், 1908இல் சிறைப்பட்டுச் செக்கிழுத்தார். ஆலனின் நூலைச் சிறையிலேயே 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' ஆகியவையும் அவர் ஆலனைத் தழுவித் தந்தவையே.

இங்கே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய ஒன்று உண்டு. மனிதனின் எண்ணமே அவனது சூழலை ஆக்குகிறது என்பது ஆலனின் கொள்கை. சிதம்பரனாரைச் செக்கில் பூட்டியதோ அவர் எண்ணத்தின் குறை அன்று, அயலவர் ஆட்சி. 1912இல் விடுதலையான பின்னும் வறுமை அவரை விடவில்லை. எனினும் அக்கொள்கையிலிருந்து தமக்கு வேண்டிய உரத்தை அவர் எடுத்துக்கொண்டார். துன்பத்தின் நடுவே நின்று கூறப்படும் 'உள்ளம் தளராதே' என்னும் சொல்லுக்கும், சாய்வு நாற்காலியில் அமர்ந்து கூறப்படும் அதே சொல்லுக்கும் எடை வேறு. அவ்வெடையைத் தருவது எழுதுவோரின் பின்புலமே.

பலதுறையார் பங்கு

தொண்டியில் பிறந்த எம். ஆர். எம். அப்துற் றஹீம், தமிழில் தன்முன்னேற்ற நூல்களுக்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர். 'வாழ்க்கையில் வெற்றி' எழுதிய அதே கைதான் 'முஸ்லிம் தமிழ்ப் புலவர்கள்' என்னும் நூலையும் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தையும் ஆக்கியது. வாழ்க்கை வரலாறுகளையும் எழுதிய அவருக்கு, அறிவுரைக்குச் சான்று காட்டும் பழக்கம் இயல்பாயிருந்ததில் வியப்பில்லை.

மு. வரதராசனார் திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணி தொடங்கியவர். உடல் நலிவால் அதனை விட்டுத் தாமே பயின்று வித்துவான் தேர்வில் வென்றார். பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 'தம்பிக்கு', 'தங்கைக்கு' எனக் கடித வடிவில் இளைஞர்க்கு அவர் வழி கூறினார். எம். எஸ். உதயமூர்த்தி வேதியியல் கற்று, அமெரிக்காவில் தொழில் நடத்தி, தாயகம் திரும்பி 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கியவர். 'எண்ணங்கள்' அவரைத் தமிழ் இல்லங்களுக்கு அறிமுகப்படுத்தியது. வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். கோவையில் 'தன்னம்பிக்கை' இதழைத் தொடங்கிய இல. செ. கந்தசாமியோ வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகனாகிய அப்துல் கலாம் ஏவுகணை அறிவியலிலிருந்து இளைஞரை நோக்கிப் பேசினார்.

பின்புலம் தருவதும் மறைப்பதும்

இவ்வாறு பலதுறையார் எழுதுவதால் விளையும் நன்மை யாது? ஆசிரியர் எழுதினால் கருத்து வரிசைப்படும். மருத்துவர் எழுதினால், மனச்சோர்வுக்கு உடல்நோயும் காரணமாகலாம் என்பது விளங்கும். வணிகர் எழுதினால் வரவு செலவுக் கணக்கு வரும். ஆட்சிப் பணியாளர் எழுதினால் தேர்வுக்குரிய ஒழுங்கு தெரியும். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புவர்.

ஆயின் ஒவ்வொரு பின்புலத்திற்கும் உரிய இடர் ஒன்றும் உண்டு. ஆசிரியர் மேற்கோளில் நின்றுவிடலாம். வென்ற வணிகர், தமக்கு வாய்த்த மூலதனத்தையும் உறவினர் துணையையும் மறந்து, அனைத்தும் தம் முயற்சியே என்று எண்ணலாம். அவ்வெண்ணம் ஏழை மாணவனை, 'உன் வறுமைக்கு நீயே குற்றவாளி' என்று மறைமுகமாகத் தண்டிக்கிறது. ஆதலால் ஒரு கட்டுரையைப் படிக்குங்கால் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நன்று: எழுதியவர் இதனைத் தாம் செய்து பார்த்தாரா? தமக்குக் கிட்டிய துணையை ஒப்புக்கொள்கிறாரா? துணையற்றவர்க்கும் இவ்வழி பயன்படுமா?

விடை

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். தாயற்ற சிறுவனும், தொழிற்சாலைப் பையனும், சிறைக்கைதியும், அலுவலக எழுத்தரும், நெசவாளர் மகனும் எழுதிய துறை இது. அவர்களைத் தகுதியுடையோர் ஆக்கியது வெற்றி மட்டுமன்று. பட்டறிந்ததை ஒளியாமல் கூறிய நேர்மையே. மூட்டை சுமப்பவரின் வீட்டில் விளக்கணைந்த பின்னும் எவ்வாறு படிப்பது, தந்தையின் ஒருநாள் கூலியில் ஒரு நூல் வாங்க எதனை விடுவது என்பவற்றை அம்மாணவரன்றி யார் எழுத வல்லார்?

செஞ்சியின் மக்கள், மன்னர் பெயரோடு மட்டும் தம் நினைவை நிறுத்திக்கொள்ளவில்லை. 1714இல் களத்தில் மாண்ட தேசிங்குராசனைப் பாடிய நாட்டுப்புறக் கலைஞர், அவனுடைய இஸ்லாமிய நண்பன் மோவுத்துக்காரனையும் உடன்வைத்தே பாடினர். கோட்டை மதிலின் கற்களைச் சுமந்தோரின் பெயர்களையோ எவரும் பாடவில்லை. அவர்கள் எழுதிவைக்கவும் இல்லை. எழுத அவர்களுக்கு வாய்ப்பும் இல்லை. இன்று அவர்தம் வழியினர்க்கு அவ்வாய்ப்பு வந்துள்ளது. அம்மாணவரிடம் நாம் கூறிய விடை இதுவே: "எழுதுங்கள் தம்பி. முதற்கட்டுரையை எங்களிடம் காட்டுங்கள். பிழைகளைத் திருத்தித் தருகிறோம். ஆனால் உங்கள் வீட்டைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் நாங்கள் மாற்ற மாட்டோம்."