மரத்துப்போன விரலும் நாடி பார்க்கும் விரலும்

புலனுணர்வு பற்றிய ஆய்வு நூல்கள் ஓர் அடுக்கிலும் மருத்துவ வரலாற்று நூல்கள் வேறோர் அடுக்கிலும் இருப்பதே நூலக வழக்கம். எதை முதலில் எடுப்பது என்று தயங்குபவருக்கு, இரண்டு துறையும் சந்திக்கும் இடத்தில் எழுதப்பட்ட நூல்களே நல்ல தொடக்கம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1946-இல் பணிக்குச் சேர்ந்தவர் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதாகவே அன்று பலரும் நம்பினர். நரம்பு பழுதாகி வலி தெரியாமல் போவதால்தான் அடுப்புச் சூடும் ஆணியும் விரல்களைத் தின்கின்றன என்று அவர் காட்டினார். தூக்கத்தில் எலி கடித்தாலும் நோயாளிக்குத் தெரியாது. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுக்கப்பட்டது. பிலிப் யான்சியுடன் சேர்ந்து அவர் எழுதிய வலி பற்றிய நூல் 1993-இல் வெளியானது. கறாரான ஆய்வு நூல் அல்ல. ஆனாலும் உணர்ச்சி என்பது உடலைக் காக்கும் காவல் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பாடநூல் அரிது.

அடுத்து எடுக்கத் தக்கது ஷிகேஹிசா குரியாமா 1999-இல் வெளியிட்ட, கிரேக்க, சீன மருத்துவங்களை ஒப்பிடும் நூல். 1341-ஆம் ஆண்டின் சீன மருத்துவப் படமொன்றில் உடலெங்கும் புள்ளிகளும் பாதைகளும் உண்டு, தசை இல்லை. 1543-இல் வெசாலியஸ் வெளியிட்ட படங்களில் தசை தசையாகத் தெரியும், அந்தப் புள்ளிகள் இல்லை. இரு நாட்டு மருத்துவரும் மணிக்கட்டில் விரல் வைத்தார்கள், ஆனால் உணர்ந்தது ஒன்றல்ல. வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலால் நாடி பிடிக்கும் சித்த வைத்தியரை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த ஒப்பீடு சட்டென்று பிடிபடும்.

மிஷேல் ஃபூக்கோவின் 1963-ஆம் ஆண்டு நூல், பிரேதப் பரிசோதனை மருத்துவரின் பார்வையை எப்படி மாற்றியது என்று ஆராய்கிறது. நடை கரடுமுரடு, கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். கண் ஏமாறுவது எப்படி என்பது மட்டுமே கேள்வியானால் ரிச்சர்ட் கிரகரியின் 1966-ஆம் ஆண்டு நூல் போதும். மருத்துவத்தின் முழு வரலாறும் ஒரே நூலில் வேண்டுமென்றால் ராய் போர்ட்டரின் 1997-ஆம் ஆண்டுத் தொகுப்பு. தடித்த புத்தகம், வேண்டிய அத்தியாயத்தை மட்டும் படித்தாலும் குறையில்லை.